நண்பர் கூட்டம் கலையாமல் ஆன்லைன் ஆர்பிஜி விளையாடுவது எப்படி?

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு ஆன்லைன் ஆர்பிஜியில் (ஆளுக்கு ஒரு கேரக்டரை வளர்த்துக்கொண்டு ஆடும் கேமில்) இறங்கினால் முதல் வாரம் களைகட்டும். எல்லோரும் ஒரே ஊரில் தொடங்குவார்கள், ஒரே ஓநாயை அடிப்பார்கள், ஒரே க்வெஸ்டில் (கேம் கொடுக்கும் பணியில்) வழி தெரியாமல் சுற்றுவார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால் ஒருவர் 45ஆம் லெவலில் இருப்பார், இருவர் 20ஐத் தாண்டியிருக்க மாட்டார்கள், இன்னொருவர் லாகின் செய்தே பத்து நாள் ஆகியிருக்கும். யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. முன்னால் போனவருக்குப் பழைய டன்ஜன் (குழுவாக நுழைந்து முடிக்கும் சண்டைக் களம்) சலித்துவிட்டது. பின்தங்கியவருக்கு மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம். அந்தக் கூச்சம் உள்ளவர்தான் முதலில் காணாமல் போவார்.

அதனால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றி வரும்: நண்பர்களுக்கு நடுவே லெவலிலும் நேரத்திலும் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி, விழுந்துவிட்டால் மூடுவது எப்படி. சண்டை போட்டுப் பிரியும் குழுக்களைவிட இந்த இடைவெளியில் சத்தமில்லாமல் கரையும் குழுக்கள்தான் அதிகம்.

1. இறக்குவதற்கு முன் அரை மணி நேரம் பேசுங்கள்

கேமை டவுன்லோடு போட்டுவிட்டுப் பேசலாம் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் தொடங்கிவிடுவார்கள். முதலில் எல்லோரும் ஒரு அழைப்பில் உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் வாங்குங்கள்.

வாரத்தில் நிச்சயமாக எத்தனை மணி நேரம் வர முடியும்? ஆசைப்படும் நேரம் வேறு, வேலையும் வீடும் விட்டுக்கொடுக்கும் நேரம் வேறு. இரண்டாவதைக் கேளுங்கள். குழுவின் வேகம் அதிகம் விளையாடுபவரின் கணக்கில் ஓடக் கூடாது, குறைவாக வரக்கூடியவரின் கணக்கில்தான் ஓட வேண்டும்.

உனக்கு இதில் என்ன பிடிக்கும்? கேம் ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆன்லைன் உலகங்களில் ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிப்பவர், தேடிப் பார்ப்பவர், பழகுபவர், மோதுபவர். யாரும் முழுக்க ஒரே வகையாக இருப்பதில்லை என்றாலும் முதல் பேச்சுக்கு இந்தப் பிரிவு நன்றாகவே உதவும். நால்வரில் இருவர் பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்துவதற்கும், ஒருவர் கதைக்கும், ஒருவர் வெறும் அரட்டைக்கும் வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால், கதைக் காட்சிகளை எல்லோரும் தாண்டிக் குதிக்கச் சொல்லி அந்த ஒருவரை நோகடிக்க மாட்டீர்கள்.

பணம். மாதச் சந்தா உண்டா, ஒருமுறை வாங்கினால் போதுமா, அடுத்த விரிவாக்கம் வந்தால் எல்லோரும் வாங்குவார்களா? இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பல குழுக்கள் உடைகின்றன. புதிய விரிவாக்கம் வரும் நாளில் மூவர் புதிய கண்டத்துக்குப் போவார்கள், வாங்க முடியாதவர் பழைய ஊரில் தனியாக நிற்பார். மாதா மாதம் கட்டணம் ஒருவருக்குக் கூடப் பாரம் என்றால், சந்தா இல்லாத கேமைத் தேர்ந்தெடுங்கள். கில்டு வார்ஸ் 2இன் அடிப்படை கேம் 2015 முதல் சில கட்டுப்பாடுகளோடு இலவசம். ஃபைனல் ஃபேன்டஸி 14இன் இலவசக் கணக்கில் 70ஆம் லெவல் வரை போகலாம். ஆனால் இதுபோன்ற இலவசக் கணக்குகளில் கில்டில் (ஆடுபவர்களின் சங்கத்தில்) சேர்வது, சந்தையில் வாங்கி விற்பது போன்றவை பூட்டப்பட்டிருக்கலாம். எது பூட்டியிருக்கிறது என்று கேமின் தளத்திலேயே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கடைசியாக, யாரிடம் என்ன கருவி? கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று ஆளுக்கு ஒன்று இருந்தால், அந்த கேமில் இவை எல்லாம் ஒரே சர்வரில் சேர்கின்றனவா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள்.

2. சர்வர்

கேரக்டர் உருவாக்கும் திரையில் முதலில் வருவது இந்தக் கேள்விதான், புதியவர்கள் கவனிக்காமல் அழுத்திவிடுவதும் இதைத்தான். பல கேம்களில் வட அமெரிக்கா, ஐரோப்பா என்று தனித்தனிச் சர்வர்கள் உண்டு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் கில்டு வார்ஸ் 2உம் அப்படித்தான். தப்பான பக்கத்தில் 30 மணி நேரம் ஆடிய கேரக்டர் எளிதில் இந்தப் பக்கம் வராது. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் டேட்டா சென்டர் என்ற சர்வர் தொகுப்புகள் இருக்கின்றன. 2022 முதல் ஒரே வட்டாரத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தற்காலிகமாகப் போய்வரலாம் என்றாலும், தினமும் சேர்ந்து ஆடுபவர்களுக்கு ஒரே இடத்தில் இருப்பதே வசதி.

வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் என்றால் பிங் (உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) பார்த்து முடிவு செய்யுங்கள். 100 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தால் தாமதம் உறைக்காது. 150 முதல் 200 வரை பழகிக்கொள்ளலாம். 250க்கு மேல் போனால், தரையில் அடி விழும் இடத்தைக் காட்டும் சிவப்பு வட்டம் தெரிந்ததும் நகர்ந்தாலும் அடி விழும், ஏனென்றால் சர்வரின் கணக்கில் நீங்கள் இன்னும் வட்டத்துக்குள்தான் நிற்கிறீர்கள். ஒருவருக்கு 40, மற்றவருக்கு 280 என்பதைவிட இருவருக்கும் 150 வரும் சர்வர் குழுவுக்கு நல்லது. அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால், பிங் அதிகமுள்ளவர் தூரத்திலிருந்து அடிக்கும் கேரக்டரை எடுத்துக்கொள்ளட்டும். டேங்க் (எதிரியின் அடியைத் தன்மேல் வாங்குபவர்) வேலை அவருக்கு வேண்டாம். பாஸைத் திருப்புவதிலும் இடைமறிப்பதிலும் அரை நொடி தவறினால் அடிபடுவது குழு முழுவதும்.

சர்வர் பெயர், எந்த அணி, தொடங்கும் ஊர் எது என்று மூன்றையும் ஒரே செய்தியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். சில கேம்களில் கேரக்டரின் இனத்தைப் பொறுத்துத் தொடங்கும் ஊர் மாறும். ஆளுக்கு ஒரு மூலையில் தொடங்கினால் முதல் சந்திப்புக்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஓட வேண்டியிருக்கும்.

3. உங்கள் தலைக்கணக்குக்குப் பொருந்தும் கேம்

எத்தனை பேர் என்பது எந்த கேம் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனிலும் ஃபைனல் ஃபேன்டஸி 14இலும் டன்ஜனுக்கு நால்வர். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஐவர். கில்டு வார்ஸ் 2இல் பார்ட்டி (சிறு குழு) ஐவர், ஆனால் திறந்த உலகில் ஸ்குவாடு (பெரிய குழு) 50 பேர் வரை போகும். டயாப்லோ 4இல் நால்வர். நீங்கள் ஆறு பேராக இருந்துகொண்டு நால்வர் கேமை எடுத்தால், ஒவ்வொரு வாரமும் இருவர் வெளியே உட்கார வேண்டும். அந்த இருவர் மாறிக்கொண்டே இருந்தால் பரவாயில்லை, நடைமுறையில் பெரும்பாலும் அதே இருவர்தான் உட்காருவார்கள். ஆறு பேர் என்றால் மூவர் மூவராகப் பிரிந்து, மீதி இடத்தை கேமின் தேடல் வசதியால் நிரப்பிக்கொள்ளலாம். அல்லது திறந்த உலகில் எல்லோரும் சேர்ந்து திரியக்கூடிய கேமை எடுக்கலாம். என் வாக்கு இரண்டாவதற்கு.

அடுத்தது லெவல் சமன்படுத்தும் வசதி. இடைவெளியை மூடும் வேலையில் பாதியை கேமே செய்துவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கில்டு வார்ஸ் 2இல் உயர்ந்த லெவல் கேரக்டர் சின்ன லெவல் பகுதிக்குள் நுழைந்தால் அவர் பலம் தானாகவே அந்தப் பகுதியின் அளவுக்கு இறங்கிவிடும். 2012இல் வெளிவந்த நாளிலிருந்து அதன் உச்ச லெவல் 80தான், ஏறவே இல்லை. ஒரு வருடம் கழித்துத் திரும்புபவரின் கேரக்டரும் உச்சத்திலேயே இருக்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் செய்த மாற்றத்தால் எந்த லெவலில் இருப்பவரும் எந்தப் பகுதிக்கும் சேர்ந்து போகலாம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் 2019இல் பார்ட்டி சிங்க் வந்தது. அதைப் போட்டால் குழுவில் குறைந்த லெவலில் உள்ளவரின் அளவுக்கு மற்றவர்கள் இறங்குவார்கள், அவருடைய க்வெஸ்டுகளையும் சேர்ந்தே செய்யலாம். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் பழைய டன்ஜனுக்குள் போனால் லெவல் தானாகக் குறையும்.

ஆனால் லெவல் இறங்குவது ஒரு பூட்டை மட்டும்தான் திறக்கும், கதை இன்னொரு பூட்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் ஒரு டன்ஜன் திறக்க ஒவ்வொருவரும் தன் பிரதான கதையை அந்த இடம் வரை முடித்திருக்க வேண்டும். நடுவில் தனியாக மட்டுமே செய்யக்கூடிய சண்டைகளும் வரும். லெவலில் முன்னால் இருந்தும் கதையில் பின்தங்கியவர் வாசலிலேயே நிற்பார். வேறு சில கேம்களில், க்வெஸ்டின் வெவ்வேறு கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஊர் வெவ்வேறு விதமாகத் தெரியும். நண்பர் பக்கத்தில் நிற்பதாக மேப் காட்டும், ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். அப்போது கேமில் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி லாகின் செய்து பலன் இல்லை. இருவரும் க்வெஸ்ட் பட்டியலைத் திறந்து எந்தப் படியில் இருக்கிறோம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள், பின்னால் இருப்பவர் அந்தப் படியை முடித்ததும் தெரிவார்.

நண்பர்களுக்கென்றே ஒரு முறை வைத்திருக்கும் கேமும் உண்டு. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2021 அக்டோபரில் வந்த குழு அயர்ன்மேனில் இருவர் முதல் ஐவர் வரை ஒரு குழுவாகப் பதிந்துகொண்டு, தங்களுக்குள் மட்டுமே பொருள் பரிமாறிக்கொள்ள முடியும். ஒருவர் மீன் பிடிக்க, ஒருவர் ஆயுதம் அடிக்க, ஒருவர் சண்டைக்குப் போக என்று ஆளுக்கு ஒரு வேலை தானாகவே அமைந்துவிடும். ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க முடியாத நண்பர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது.

வால்ஹெய்ம் மாதிரி ஒருவருடைய கணினியில் உலகம் சேமிக்கப்படும் கேம் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். அந்த ஒருவர் வராத நாளில் மற்றவர்களுக்கு உலகமே இல்லை. வாரம் ஒருமுறை சேமிப்புக் கோப்பை இன்னொருவருக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள், அல்லது எப்போதும் ஓடும் தனிச் சர்வர் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கிழமை, மணி, முடியும் நேரம்

‘இந்த வாரம் எப்போ?’ என்று வாரா வாரம் கேட்கும் குழு நீடிக்காது. பதில் வாங்குவதற்குள்ளேயே களைப்பு வந்துவிடும். ஒரே ஒருமுறை வாக்கெடுப்பு நடத்தி கிழமையையும் மணியையும் நிலைப்படுத்துங்கள். வாரம் ஒருநாள், இரண்டு மணி நேரம் போதும். இரண்டாவது நாள் வேண்டுமானால் அதை ‘வந்தால் வரலாம்’ நாளாக வைத்து, அன்று கதையில் முன்னேறாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒவ்வொருவரும் ஐந்து வாரத்தில் நான்கு வாரம் வருவார் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல வருகைதான். நால்வரும் சேர்ந்து ஒரே நாளில் வருவதற்கான வாய்ப்பு 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, அதாவது 41 சதவீதம். பாதி வாரங்களுக்கு மேல் ஆட்டம் ரத்து. எட்டுப் பேர் வேண்டிய ரெய்டு (பெரிய குழுச் சண்டை) என்றால் 17 சதவீதம்தான். அதே நால்வர் குழு ‘மூவர் வந்தாலே ஆட்டம் உண்டு’ என்று விதி வைத்தால் வாய்ப்பு 82 சதவீதமாகிறது. ஒரே ஒரு விதியில் இரண்டு மடங்கு. யாராவது ஒருவர் வராததால் ஆட்டமே ரத்தாகும் பழக்கம் வந்தால், வந்தவர்களும் அடுத்த வாரம் வேறு வேலை வைத்துக்கொள்வார்கள்.

ஆகவே ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு திட்டம் தயாராக இருக்கட்டும்: எல்லோரும் வந்தால் ஒன்று, ஒருவர் குறைந்தால் இன்னொன்று. முந்தைய நாள் அனுப்பும் செய்தி இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும் (யூடிசி என்பது உலகப் பொது நேரம்):

‘சனி, 15:00 யூடிசி. இரண்டு மணி நேரம். நால்வர் வந்தால் அடுத்த டன்ஜன். மூவர் என்றால் மலைப்பகுதி பக்க க்வெஸ்டுகள், கதை நகராது. வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள், பதில் இல்லை என்றால் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.’

கடைசி வாக்கியம் கறாராகத் தெரியலாம். ஆனால் அதுதான் 20 நிமிடம் ‘அவர் வருவாரா?’ என்று வாசலில் நிற்பதைத் தவிர்க்கும்.

நாடு விட்டு நாடு இருப்பவர்கள் மணியை யூடிசியில் எழுதுங்கள். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் நிகழ்வு ஒன்றை உருவாக்கினால் அதை அவரவர் உள்ளூர் நேரத்தில் அதுவே காட்டும். கோடைகால நேர மாற்றத்தில் கவனம் தேவை. அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் மாறுகிறது, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பவும் ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கப் பக்கம் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும். இந்த இடைப்பட்ட வாரங்களில் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து நிற்பார். யூடிசியை விட்டு இந்த நாடுகளில் ஒன்றின் உள்ளூர் மணியில் நிலைப்படுத்தினால், கடிகாரத்தையே மாற்றாத நாடுகளில் இருப்பவர்களுக்கு வருடத்தில் பாதி ஒரு மணி, மீதி வேறு மணி. மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் கடைசியிலும் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தையும் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் 10 நிமிடம் பையைக் காலி செய்ய, கவசத்தைப் பழுதுபார்க்க, மருந்து வாங்க. அடுத்த 45 நிமிடம் அன்றைய முக்கிய வேலை. 5 நிமிடம் எழுந்து நடக்க. மீண்டும் 35 நிமிடம். மீதி நேரத்தில் இலகுவாக ஏதாவது: மீன்பிடி, வீடு அலங்கரிப்பு, வெறும் பேச்சு. கடைசி 25 நிமிடத்தில் புதிய டன்ஜனுக்குள் நுழையாதீர்கள். பாதியில் ஒருவர் ‘நாளைக்கு வேலை இருக்கு’ என்று கிளம்பினால், அவருக்குக் குற்ற உணர்வு, மற்றவர்களுக்கு வீணான உழைப்பு. சொன்ன நேரத்தில் முடிக்கும் குழுவுக்குத்தான் குடும்பமும் வேலையும் உள்ளவர்கள் தொடர்ந்து வருவார்கள்.

5. குழு கேரக்டர்

ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிறார், இன்னொருவர் வாராந்திரச் சந்திப்புக்கு மட்டும் வருகிறார் என்றால் நான்கு வாரத்தில் ஒருவருக்கு 56 மணி நேரம், மற்றவருக்கு 8. எந்தச் சமன்படுத்தும் வசதியும் இந்தப் பள்ளத்தை முழுதாக மூடாது. ஆடாதே என்று ஆர்வமுள்ளவரைத் தடுப்பதும் நியாயமில்லை, அவர் வேறு குழுவைத் தேடிப் போய்விடுவார்.

தீர்வு இரண்டு கேரக்டர். குழுவோடு இருக்கும்போது மட்டும் லாகின் செய்யும் கேரக்டர் ஒன்று, தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் ஓடிப்போக இன்னொன்று. முதல் நாளே இதை விதியாக்குங்கள். இரண்டாவது மாதம் வந்து சொன்னால், ஏற்கெனவே உழைத்து வளர்த்த கேரக்டரைத் தள்ளி வைக்க யாருக்கும் மனசு வராது.

ஒரே கேரக்டரில் எல்லாத் தொழிலையும் (போர்வீரன், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகைகளையும்) கற்றுக்கொள்ளக்கூடிய கேம் என்றால், குறிப்பாக ஃபைனல் ஃபேன்டஸி 14இல், குழுவுக்கென்று ஒரு தொழிலை ஒதுக்கிவிட்டுத் தனி நேரத்தில் மற்றதை வளர்க்கலாம். பிரதான கதையை மட்டும் குழு நிற்கும் இடத்தில் நிறுத்திவையுங்கள். தனியாக ஆட அனுமதி உள்ளவை: கைத்தொழில், கனிமம் தோண்டுதல், மீன்பிடி, பக்கக் கதைகள், சந்தை வியாபாரம். குழுவோடு மட்டும்: பிரதான கதை, முதல்முறை போகும் டன்ஜன், முதல்முறை பார்க்கும் பாஸ். முதல்முறை பார்ப்பதில் உள்ள திகைப்பை எல்லோரும் ஒன்றாக அனுபவிப்பதுதான் நண்பர்களோடு ஆடுவதன் பெரிய சந்தோஷம். அதை யாரும் முன்னதாகத் தனியே செலவழித்துவிடக் கூடாது.

ஒரு வாரம் வராதவருக்கு என்ன செய்வது? அடுத்த சந்திப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் அவரோடு போய் விட்ட க்வெஸ்டுகளை முடித்துக் கொடுக்கட்டும். இந்தத் துணை வேலை மாறி மாறி வர வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் என்றால், அவருக்காகக் குழு ஒரு முழுச் சந்திப்பைக் கொடுக்கலாம். மூன்றுக்கு மேல் போனால் கதை நகரட்டும், அவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உயர்ந்த லெவல் கேரக்டரைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒரே அடியில் வீழ்த்தி, பின்தங்கியவரை இழுத்துச் செல்லும் வழியைத் தவிருங்கள். பல கேம்களில் லெவல் வித்தியாசம் அதிகமானால் அனுபவப் புள்ளிகள் குறைந்துவிடும். அதைவிட மோசமாக, இழுத்துவரப்பட்டவர் 50ஆம் லெவலுக்கு வந்தும் தன் பொத்தான்கள் என்ன செய்யும் என்று தெரியாமல் நிற்பார். அடுத்த கடினமான சண்டையில் அவர்தான் முதலில் சாவார், கூச்சம் இரண்டு மடங்காகும்.

ஓய்வுப் போனஸ் உள்ள கேம்களில் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் சத்திரத்திலோ நகரத்திலோ நின்று லாக்அவுட் செய்தால், திரும்பி வரும்போது கொஞ்ச காலத்துக்கு எதிரிகளை வீழ்த்தும் புள்ளி இரட்டிப்பாகக் கிடைக்கும். வாரம் ஒருமுறை வருபவருக்கு இது பெரிய உதவி. சந்திப்பு முடிந்ததும் எல்லோரும் சத்திரத்துக்கு நடந்து போய் அங்கேயே விடைபெறுவதை வழக்கமாக்குங்கள்.

6. யார் டேங்க், யார் ஹீலர்

நால்வர் டன்ஜனுக்கு வழக்கமான அமைப்பு ஒரு டேங்க், ஒரு ஹீலர் (குழுவின் உயிரை நிரப்புபவர்), இரண்டு டேமேஜ் (எதிரியை அடிப்பவர்). ஐவர் என்றால் டேமேஜ் மூன்று. கில்டு வார்ஸ் 2இன் திறந்த உலகில் இந்தப் பிரிவு அவ்வளவு கறார் இல்லை. புதிய குழுவில் எல்லோரும் டேமேஜ் எடுக்க ஆசைப்படுவார்கள், கடைசியில் ஒருவர் மனமில்லாமல் ஹீலர் ஆவார். அப்படி ஆனவர் இரண்டு மாதத்தில் களைத்துப்போவார். அதனால் ஆளுக்கு இரண்டு ரோல் கற்றுக்கொள்வது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஹீலர் வராத நாளில் ஆட்டம் நிற்காமல் இருக்கவும் இதுவே வழி.

முதல் டன்ஜனில் தோற்பது இயல்பு. ஒரு தோல்வியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பாஸ் உயிர் 60 சதவீதம் இருக்கும்போது டேமேஜ் இருவரும் ஒரே நொடியில் விழுகிறார்கள், அடுத்து ஹீலர். எல்லோரும் ‘ஹீல் வரலையே’ என்பார்கள். நடந்தது வேறு: டேங்க் பாஸை அடித்துக்கொண்டே பின்வாங்கியபோது பாஸின் முகம் குழுவின் பக்கம் திரும்பிவிட்டது. பாஸ் முன்பக்கம் விசிறி மாதிரி வீசும் வெட்டு டேங்க் ஒருவருக்கு என்று அளந்தது, மூவர்மேல் விழுந்தது. எந்த ஹீலராலும் அதை நிரப்ப முடியாது. டேங்க் பாஸைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று, பாஸின் முதுகு குழுவைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் அதே சண்டை இரண்டாவது முயற்சியில் முடியும்.

இதேபோல அடிக்கடி வரும் இன்னும் இரண்டு. டேங்க் அடிக்கும் முன்பே டேமேஜ் கேரக்டர் தாக்கினால் எதிரி அவரைத் துரத்தும், டேங்குக்கு மூன்று நொடி விடுங்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்தவருக்கு ஹீல் போகாது, ஹீலருக்கு நேர்ப் பார்வை வேண்டும்.

தோற்ற பிறகு பேசும் விதம்தான் குழுவைக் காப்பாற்றும். ‘யார் செய்தது?’ என்று கேட்காமல் ‘எது கொன்றது?’ என்று கேளுங்கள். பெரும்பாலான கேம்களில் சண்டைப் பதிவு இருக்கும், கடைசியாக விழுந்த அடியின் பெயர் அதில் தெரியும். ஒரு தோல்விக்கு ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். ஐந்து திருத்தம் சொன்னால் புதியவர் ஐந்தையும் மறப்பார். ஒரே பாஸிடம் ஆறு முறை தோற்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். யார் எவ்வளவு அடித்தார் என்று எண் காட்டும் மீட்டரை நண்பர்களுக்கு நடுவே பகிர வேண்டாம். ஒருவர் தன் எண்ணைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம், மற்றவர் எண்ணைப் படித்துக் காட்டினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

7. வாய்ஸ்

டிஸ்கார்டில் ஒரு சர்வர், ஒரு குரல் சேனல், மூன்று எழுத்துச் சேனல்: அரட்டை, அறிவிப்பு, கேம் குறிப்புகள். நால்வர் குழுவுக்கு இதற்கு மேல் வேண்டாம். பதினைந்து சேனல் திறந்தால் பதினான்கு காலியாகக் கிடக்கும்.

எல்லோரும் ஹெட்போன் போடுங்கள். ஸ்பீக்கரில் கேட்பவரின் மைக் மற்றவர்களின் குரலைத் திரும்ப அனுப்பி எதிரொலிக்கும். வீட்டில் சத்தம் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும் முறையை வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் குரல் பெரிதாகவும் ஒருவர் குரல் மெலிதாகவும் கேட்டால் அவரவர் பெயரை வலது கிளிக் செய்து ஒலியளவை உங்கள் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். சண்டை நடக்கும்போது ஒருவர் மட்டும் அறிவிக்கட்டும், மற்ற நேரம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம். பேசத் தயங்குபவர், பேச முடியாத சூழலில் இருப்பவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும், கட்டாயப்படுத்தாதீர்கள்.

8. லூட்டும் கில்டு வங்கியும்

எதிரி வீழ்ந்து லூட், அதாவது பரிசுப் பொருள் விழுந்ததும் ‘தேவை’, ‘ஆசை’, ‘வேண்டாம்’ என்று மூன்று பொத்தான் வரும் கேம்களில், இப்போதே அணிந்து இப்போது இருப்பதைவிட மேம்படுவதாக இருந்தால் மட்டும் ‘தேவை’ அழுத்துவது என்று முடிவு செய்யுங்கள். இருவருக்குத் தேவை என்றால் டைஸ் உருட்டுங்கள், வென்றவர் அன்று இரண்டாவது பொருளுக்கு உருட்டக் கூடாது. இவ்வளவு போதும். எவர்குவெஸ்ட் என்ற பழைய கேமின் காலத்திலிருந்து பெரிய ரெய்டு கில்டுகள் பயன்படுத்தும் டிகேபி புள்ளிக் கணக்கு (ரெய்டில் சேர்த்த புள்ளியைச் செலவழித்துப் பொருள் எடுப்பது) பெரிய கூட்டத்துக்கானது, நால்வருக்கு நடுவே அது கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும்.

சொந்தக் கில்டு தொடங்கினால் தலைவருக்கு இணையான அதிகாரம் இன்னொருவருக்கும் கொடுங்கள். தலைவர் லாகின் செய்யாமல் போனால் கில்டு வேலைகள் முடங்கலாம். கில்டின் பொதுப் பெட்டியான வங்கியில் எல்லோரும் போடலாம், எடுப்பதற்கு மட்டும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பு வையுங்கள். நண்பர்மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் செய்யவில்லை. ஒருவர் கணக்கு திருடப்பட்டால் வங்கி முழுதும் ஒரே இரவில் காலியாகும் என்பதால் செய்கிறோம். அதே காரணத்துக்காக எல்லோரும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ‘நான் வரல, என் கேரக்டரை நீ ஆடு’ என்று பாஸ்வேர்டு கொடுப்பதும் வேண்டாம், பெரும்பாலான கேம்களின் விதிப்படி கணக்குப் பகிர்வுக்குத் தடை உண்டு, கணக்கே போகலாம்.

9. ஒருவர் விலகினால், புதியவர் வந்தால்

யாராவது ஒருவர் இரண்டு சந்திப்பு பதிலில்லாமல் விட்டால், பொதுச் சேனலில் கேட்காதீர்கள். தனியாக ஒருவர் எழுதட்டும், கேமைப் பற்றி இல்லாமல் நலம் விசாரித்து. வேலைச்சுமை என்றால் ‘ஒரு மாதம் விடு, உன் இடம் இருக்கும்’ என்று தேதியோடு சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதைவிட, ஒரு தேதி இருந்தால் திரும்புவது எளிது.

திரும்பி வரும் நாளில் அவரை நேராகக் கடினமான டன்ஜனுக்குக் கூட்டிப் போகாதீர்கள். பொத்தான்கள் மறந்திருக்கும், கேமும் மாறியிருக்கும். ஏற்கெனவே வென்ற பழைய டன்ஜன் ஒன்றை இறங்கிய லெவலில் போய் வாருங்கள், கதையில் விட்ட பகுதியை ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லட்டும். டிஸ்கார்டின் குறிப்புச் சேனலில் ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் மூன்று வரி எழுதி வைத்தால் இந்த வேலை சுலபம்: எங்கே நிறுத்தினோம், அடுத்து எந்த க்வெஸ்ட், யாருக்கு என்ன பொருள் தேட வேண்டும்.

புதியவரைச் சேர்ப்பது என்றால் முதலில் இரண்டு சந்திப்புக்கு விருந்தாளியாக அழையுங்கள். உள் நகைச்சுவைகளுக்கு நடுவே அவர் தனித்து நிற்காதபடி, முதல் நாள் அவரோடு ஜோடியாக இருக்க ஒருவரை நியமியுங்கள். ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவருக்குக் கூட ஒத்துவரவில்லை என்றால் அந்த இரண்டு சந்திப்போடு நாகரிகமாக முடித்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சலிப்பு வரும் காலமும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய சீசன் வரும் டயாப்லோ 4 மாதிரியான கேம்களில் இது கிட்டத்தட்ட அட்டவணைப்படியே நடக்கும்: முதல் மூன்று நான்கு வாரம் ஆர்வம், பிறகு வறட்சி. அப்போது கிழமையையும் மணியையும் மட்டும் விடாதீர்கள். அதே நேரத்தில் வேறு சின்ன கேம் ஆடுங்கள், இல்லை வெறுமனே பேசிக்கொண்டிருங்கள். அடுத்த சீசன் தொடங்கும் வாரத்தை இப்போதே குறித்துவைத்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் யார் எந்த ரோல் என்று கேட்டு ஒரு செய்தி போடுங்கள்.